செயலியைக் கழற்றும் முறை

நுழையும்முன்

ஒரு கருவியைப் பொருத்தும்போது காட்டும் அக்கறையை அதனைக் கழற்றும்போது நாம் காட்டுவதில்லை. ‘கழற்றத்தானே போகிறோம்’ என்னும் எண்ணமே இதற்குக் காரணம். தரவு மையங்களில் இன்று பணியாற்றும் வரைகலைச் செயலி ஒவ்வொன்றும் பல இலட்சம் ரூபாய் மதிப்புடையது. அதனைக் கழற்றுபவரின் உடல்நலமும், அதில் ஓடிக்கொண்டிருக்கும் பிறரது உழைப்பும் அந்தச் சில நிமிடங்களின் ஒழுங்கில் அடங்கியுள்ளன. அவ்வொழுங்கை விளக்குகிறது இப்பாடம்.

பூட்டும் சீட்டும்

திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை அடுத்து, ஆரணியாற்றின் கரையில் அமைந்துள்ளது ஆரணி என்னும் பேரூர். பட்டுக்குப் புகழ்பெற்ற ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தது, இது வேறு. இவ்வட்டாரத்து இளைஞர் பலருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையே வேலைக்களம். அங்குள்ள இரும்பு உருட்டாலை ஒன்றில் இயந்திரம் பழுதாகிறது என்று கொள்வோம். பொருத்துநர் உடனே அதில் கைவைக்கலாகாது. முதலில் மின்விசையை நிறுத்த வேண்டும். விசைப்பெட்டியில் தம் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ‘வேலை நடைபெறுகிறது, இயக்காதீர்’ என்னும் சீட்டைத் தொங்கவிட வேண்டும். பின்னர் இயக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்து, இயந்திரம் உண்மையிலேயே உயிரற்றுக் கிடக்கிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். கருவிப்பெட்டியைத் திறப்பது அதன் பிறகுதான்.

பேரொலி எழுப்பும் உருட்டாலைக்கும் குளிரூட்டப்பட்ட கணினி அறைக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரில், தொழிற்சாலைகளுக்கு இடையே இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஆரணியில் மேல்நிலைக் கல்வி முடித்துத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பலதொழில்நுட்பக் கல்லூரியிலோ சேரும் மாணவருக்கு உருட்டாலை, தரவு மையம் ஆகிய இரண்டின் கதவுகளும் திறந்திருக்கின்றன. உருட்டாலையின் அதே ஒழுங்கு தரவு மையத்திலும் தேவைப்படுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. உருட்டாலையின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கணினியின் ஆபத்து பெரும்பாலும் தெரிவதில்லை.

எதனைக் கழற்றுகிறோம்?

‘சர்வர்’ என்று பேச்சில் வழங்கும் வழங்கி, பலருடைய வேலைகளை ஒரே நேரத்தில் செய்துதரும் கணினியாகும். அதனுள் மையச் செயலி ஒன்றோ இரண்டோ இருக்கும். வரைகலைச் செயலி அவற்றுக்குத் துணையாக வந்தது. திரையில் தோன்றும் படத்தை எண்ணிப் பாருங்கள். கிடையாக 1920, நெடுக்காக 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நொடிக்கு 60 முறை கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கணக்கும் எளியது. எண்ணிக்கையோ மிகப் பெரியது. வல்லவர் ஒருவரைவிட எளிய கணக்குத் தெரிந்த ஆயிரம் பேர் இவ்வேலையை விரைந்து முடிப்பர் அல்லவா? அந்த ஆயிரம் பேரை ஒரே சில்லில் அமர்த்தியதே வரைகலைச் செயலி. என்விடியா நிறுவனம் 1999இல் தன் ஜீஃபோர்ஸ் 256 என்னும் சில்லை இப்பெயரால் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அது விளையாட்டுப் பிரியர்களின் பொருளாகவே இருந்தது. பின்னர் அறிவியல் கணக்குகளுக்கும், இன்று செயற்கை நுண்ணறிவுக்கும் அதுவே அடித்தளமாயிற்று. அதே நிறுவனத்தின் ஏ100 என்னும் செயலியில் 6912 கணக்கிடும் அலகுகள் உள்ளன.

தமிழகத்திலும் இத்தகைய பெரும் கணினிகள் உள்ளன. தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ், திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று ஒரு மீக்கணினி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பெயர் ‘பரம் பொருள்’. சேர்த்துப் படித்தால் இறைவனைக் குறிக்கும். பிரித்துப் படித்தால் ‘பரம்’ என்பது இந்திய மீக்கணினி வரிசையின் பொதுப்பெயர், ‘பொருள்’ என்பது நாம் இலக்கணத்தில் கற்கும் பொருள். பெயரிட்டவர் தமிழின் சுவை அறிந்தவர்போலும்! இக்கணினியின் உச்ச வேகம் 838 டெராஃபிளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகள். மையச் செயலிகள் மட்டும் கொண்ட கணுக்களோடு வரைகலைச் செயலிகள் பொருந்திய கணுக்களும் இதில் உள்ளன. சில்லுகளின்மேல் நீர்மத்தை ஓடவிட்டு இதனைக் குளிர்விக்கின்றனர்.

இத்தகைய இடங்களில் செயலியைக் கழற்ற நேர்வது அரிதன்று. பழுது, தரமுயர்த்தல், வேறொரு வழங்கிக்கு மாற்றுதல் எனக் காரணங்கள் பல. பெரும்பாலான வழங்கிகளில் வரைகலைச் செயலி நீண்ட அட்டை ஒன்றின்மேல் அமைந்து, தாய்ப்பலகையின் செருகுவாயில் நிற்கிறது. ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள அவ்வட்டையைக் கழற்றுவதையே இங்குக் காண்போம். தாய்ப்பலகையோடு திருகாணிகளால் நேரே இறுக்கப்படும் மற்றொரு வகையும் உண்டு. அதனைக் கழற்ற அளந்து திருகும் கருவியும் தனிப்பயிற்சியும் வேண்டும். அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதலில் வேலையை வெளியேற்றுக

கழற்றும் பணி திருகாணியில் தொடங்குவதில்லை, விசைப்பலகையில் தொடங்குகிறது. அந்தச் செயலியில் அப்போது ஆய்வு மாணவர் ஒருவரின் கணக்கு மூன்று நாள்களாக ஓடிக்கொண்டிருக்கலாம். செயலியின் நினைவகத்தில் உள்ளவை மின்சாரம் நின்றவுடன் அழிந்துவிடும். இடைநிலைச் சேமிப்பு இல்லையென்றால் மூன்று நாள் உழைப்பும் போயிற்று.

ஆகவே மீக்கணினி மையங்களில் வேலைகளைப் பங்கிட்டுத் தரும் மென்பொருளிடம், ‘இக்கணுவுக்குப் புதிய வேலை தராதே’ என்று முதலில் அறிவிக்கின்றனர். பலரும் கையாளும் ஸ்லர்ம் என்னும் மென்பொருளில் இந்நிலைக்கு ‘வடித்தல்’ என்னும் பொருள்படும் பெயரே உள்ளது. குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டு, உள்ளிருக்கும் நீர் வடியக் காத்திருப்பது போன்றது இது. ஓடும் வேலைகள் தாமாக முடியும்வரை காத்திருந்து, செயலியில் எந்த நிரலும் எஞ்சவில்லை என்பதைத் திரையில் பார்த்து உறுதிசெய்த பின்னரே அடுத்த அடி.

வேலை வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் மற்றொன்றைச் செய்யலாம். கழற்ற வேண்டிய அட்டையின் வரிசை எண்ணையும், அது இருக்கும் செருகுவாயின் முகவரியையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் ‘0’ என்று எண்ணிடும் செயலி, பெட்டிக்குள் முதலாவதாக இருக்கும் அட்டை என்று கொள்ள முடியாது. எட்டு அட்டைகள் ஒரே உருவில் நிற்கும்போது எண்ணி எடுப்பவர் ஏமாறுவார். வரிசை எண்ணைப் பார்த்து எடுப்பவர் ஏமாறமாட்டார். வழங்கியை அடையாளம் காண்பதிலும் இதே குழப்பம் உண்டு. ஒரே முகங்கொண்ட பெட்டிகள் இருபது அடுக்கில் இருக்கும். இதற்காகவே பல வழங்கிகளின் முன்னும் பின்னும் நீலநிற அடையாள விளக்கு ஒன்றை வைத்துள்ளனர். தொலைவிலிருந்தே கட்டளையிட்டு அதனை எரியவிடலாம். முன்புறம் பார்த்த பெட்டியைப் பின்புறம் சென்று தேடும்போதுதான் அந்தச் சிறு விளக்கின் அருமை புரியும்.

ஓடும் வழங்கியிலிருந்து அட்டையை அப்படியே உருவினால் என்ன ஆகும்? இக்கேள்வி எழுவது இயல்பே. வழங்கியின் வட்டுகளையும் மின்வழங்கல் அலகுகளையும் ஓடும்போதே மாற்றுவதை மாணவர் பார்த்திருக்கலாம். அவற்றின் இணைப்பிகள் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. வரைகலைச் செயலியின் செருகுவாய் பெரும்பாலான வழங்கிகளில் அவ்வாறு அமைக்கப்பட்டதன்று. அதில் 164 தொடுமுனைகள் நெருங்கி நிற்கின்றன. அட்டை சற்றே சாய்ந்து வெளியேறினாலும் மின்சாரம் செல்லும் முனை, செய்தி செல்லும் முனையைத் தொட்டுவிடக்கூடும். தொடாவிட்டாலும், இருந்த செயலி திடீரென மறைந்ததைக் கண்டு இயங்குதளம் திகைத்து நின்றுவிடும். என்விடியாவின் இயக்கி மென்பொருள் ‘எக்ஸ்.ஐ.டி. 79’ என்னும் பிழை எண்ணைப் பதிவு செய்வது, செயலி தடத்திலிருந்து விழுந்துவிட்டது என்று அது கருதும் இத்தகைய நேரங்களில்தான். அவ்வழங்கியில் வேறு ஏழு செயலிகளில் ஓடிய பிறர் வேலைகளும் அதனோடு நின்றுபோகலாம்.

பிறகு மின்சாரத்தை வெளியேற்றுக

இயங்குதளத்தை முறையாக நிறுத்தியவுடன் விசிறிகளின் ஒலி அடங்கும். அறையில் அமைதி சூழும். அந்த அமைதியை நம்பக் கூடாது. நிறுத்தப்பட்ட வழங்கியிலும், அதனைத் தொலைவிலிருந்து எழுப்புவதற்கான காவல் மின்சாரம் தாய்ப்பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும். மின்வடத்தைக் கழற்றினால்தான் அது நிற்கும்.

மின்வடம் ஒன்றன்று. ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும்படி வழங்கிகளுக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ மின்வழங்கல் அலகுகள் இருக்கும். கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நான் முதன்முதலாக வழங்கியைத் திறந்தபோது, ஒரு வடத்தை உருவிவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே தாய்ப்பலகையில் பச்சை விளக்கு ஒன்று சிறு பொட்டுப்போல் எரிந்துகொண்டிருந்தது. அதனை நான் அழகென்று பார்த்துக்கொண்டிருக்க, அருகில் நின்ற மூத்த தொழில்நுட்பர் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டாவது வடம் பெட்டியின் மறுபுறத்தில் இருந்தது. அன்றிலிருந்து உள்ளே கைவிடும் முன் அந்த விளக்கைத்தான் முதலில் தேடுகிறேன்.

எல்லா வடங்களையும் கழற்றிய பின், வழங்கியின் இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மின்தேக்கிகளில் எஞ்சியிருக்கும் மின்சாரம் இதனால் வடியும். உருட்டாலைப் பொருத்துநர் பொத்தானை அழுத்திச் சோதிப்பதும் இதுவும் ஒரே வகைச் செயலே. ஆயினும் மின்வழங்கல் அலகின் உறைக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி சுமார் 400 வோல்ட் அழுத்தத்தில் பணியாற்றுவது. வடத்தைக் கழற்றிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். எக்காரணம் கொண்டும் அவ்வுறையைத் திறத்தலாகாது.

கழற்றிய வடங்களின் முனையில் சீட்டு ஒன்றைக் கட்டிவிடுவது நல்லது. ‘யாரோ தவறிக் கழற்றிவிட்டார்’ என்று எண்ணி மீண்டும் செருகிவிடும் அன்பர்கள் எல்லா அலுவலகங்களிலும் உள்ளனர்.

மின்சாரத்தோடு வெப்பமும் வெளியேற வேண்டும். ஏ100 செயலியின் அட்டைவகை 250 முதல் 300 வாட் வரை மின்திறனை உட்கொள்கிறது. உட்கொள்வதில் ஏறத்தாழ அனைத்தும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. செயலியின்மேல் பொருத்திய உலோகத் தகடுகள் ஆறச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

கையிலுள்ள மின்னேற்றம்

இனித்தான் கண்ணுக்குத் தெரியாத பகைவர் வருகிறார். செயற்கை இழை ஆடை அணிந்து பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழும்போது நம் உடலில் நிலைமின்னேற்றம் சேர்கிறது. விரல்நுனியில் ‘சுரீர்’ என்று உணர வேண்டுமாயின் அது சுமார் 3000 வோல்ட் அளவை எட்டியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்ததை நாம் உணர்வதே இல்லை. சில்லுகளில் உள்ள நுண்ணிய உறுப்புகள் சிலவற்றைச் சிதைப்பதற்கு 100 வோல்ட்டுக்கும் குறைவானது போதும். நமக்குத் தெரியாமலே நம் விரல் ஒரு செயலியைக் கொன்றுவிடலாம். உடனே கொன்றால் நன்று, பழுது தெரிந்துவிடும். பாதிப்புற்ற செயலி சில மாதங்கள் நன்றாக ஓடி, ஏதோ ஓர் இரவில் தவறான விடை தருவதுதான் இதில் கொடியது. யார் கையால் வந்த வினை என்று அப்போது யாராலும் கூற முடியாது.

பழவேற்காட்டுக் கடற்காற்று வீசும் நம் வட்டாரத்தில் நிலைமின் அதிர்ச்சியைப் பலர் அறியமாட்டார்கள். ஈரக்காற்றில் பொருள்களின் மேற்பரப்பில் ஈரம் படிந்து, மின்னேற்றம் அதன்வழியே கசிந்துவிடுகிறது. குளிரூட்டப்பட்ட அறையிலோ காற்றின் ஈரம் குறைக்கப்படுகிறது. வெளியே நம்மைக் காத்த ஈரம் உள்ளே இல்லை. ‘இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒன்றும் ஆனதில்லை’ என்று வீட்டுக் கணினியைப் பிரித்துப் பழகியவர் கூறும் துணிவு தரவு மையத்தில் செல்லாது.

இதற்குரிய காப்பு மிக எளியது. மணிக்கட்டில் ஒரு பட்டையை அணிந்து, அதன் கம்பியை வழங்கிச் சட்டத்தின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியில் பற்றவைக்க வேண்டும். உடலும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுவதால் இடையே பொறி பாய்வதற்கு வழியில்லை.

தெரிந்து தெளிவோம்

மணிக்கட்டுப் பட்டையின் கம்பியில் 10 இலட்சம் ஓம் அளவுள்ள மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். நிலைமின்னேற்றம் அதன்வழியே மெல்ல வடிந்துவிடும். தவறுதலாக 230 வோல்ட் மின்சாரத்தைத் தொட நேர்ந்தாலும், பட்டையின் வழியே பாயும் மின்னோட்டம் 0.23 மில்லிஆம்பியரைத் தாண்டாது. மின்தடை இல்லாத வெறுங்கம்பியை மணிக்கட்டில் கட்டிக்கொள்வது உடலை மின்சாரத்துக்கு வழியாக்குவதாகும். மின்தடை இருப்பினும், மின்சாரம் ஓடும் கருவியில் வேலை செய்யும்போது இப்பட்டையை அணியக் கூடாது.

அட்டையை வெளியே எடுத்தல்

வழங்கியை அடுக்குச் சட்டத்திலிருந்து தண்டவாளத்தின்மேல் இழுப்பது முதல் வேலை. ஒரு நேரத்தில் ஒரு வழங்கியை மட்டுமே இழுக்க வேண்டும். இரண்டு மூன்றை ஒருசேர இழுத்தால் எடை முன்னே குவிந்து சட்டம் முழுவதும் ஆள்மேல் சாய்ந்துவிடும். எட்டுச் செயலிகள் கொண்ட என்விடியா டிஜிஎக்ஸ் ஏ100 என்னும் வழங்கி ஏறத்தாழ 123 கிலோ எடையுள்ளது. ஒரு நெல்மூட்டையைவிட மிகுந்த எடை அது. அதனைத் தூக்குவதற்கு ஏற்றப்பொறி வேண்டும். தனியாளின் முதுகு அதற்குரியதன்று.

மூடியையும், காற்றைச் செலுத்தும் பிளாஸ்டிக் கூண்டையும் அகற்றியபின் அட்டை கண்ணுக்குத் தெரியும். அடுத்தடுத்த அட்டைகளை இணைக்கும் பாலம் இருப்பின் அதனை முதலில் நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். இப்பாலத்தை மறந்து ஓர் அட்டையை இழுப்பவர், பக்கத்து அட்டையையும் சேர்த்து இழுக்கிறார்.

அடுத்தது மின்னிணைப்பி. செருகுவாய் தரவல்ல மின்திறன் 75 வாட் மட்டுமே. எஞ்சியதை அட்டை தனி வடத்தின் வழியே பெறுகிறது. அவ்வடத்தின் தலையில் சிறு கொக்கி ஒன்று உண்டு. கொக்கியை அழுத்தி, இணைப்பியின் உடலைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. புதிய அட்டைகளில் 600 வாட் வரை தாங்கும் 16 முனை இணைப்பி வந்துள்ளது. அதனைச் செருகிக் கழற்றுவதற்கு வகுத்துள்ள தர அளவு சுமார் 30 முறையே. முழுதும் செருகாமல் விட்டதால் இவ்வகை இணைப்பிகள் உருகிய நிகழ்வுகள் 2022இல் உலகெங்கும் பேசப்பட்டன. கழற்றும்போதே அதன் நிறத்தைப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் பழுதின் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

பின்பக்கத் தகட்டின் திருகாணியை எடுத்துச் சிறு கிண்ணத்தில் இடவேண்டும். வழங்கிக்குள் விழுந்த திருகாணி, மின்சாரம் வரும்வரை அமைதியாக இருக்கும். வந்தபின் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். ஆகவே விழுந்தால் எடுக்காமல் மேலே செல்லக் கூடாது.

இறுதியில் செருகுவாயின் ஓரத்தில் உள்ள தாழ்ப்பாள். நீண்ட அட்டையின் அடியில் மறைந்திருப்பதால் இதனை மறப்பவரே மிகுதி. விரல் நுழையாத இடமாயின் பிளாஸ்டிக் குச்சியால் அழுத்தலாம். திருப்புளியின் முனை வழுக்கினால் தாய்ப்பலகையில் கீறல் விழும். தாழ்ப்பாள் விடுபட்டபின், அட்டையின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்துச் சம அளவில் மேல்நோக்கித் தூக்க வேண்டும். வரவில்லையெனில் வலுவைக் கூட்டக் கூடாது. வராததற்குக் காரணம் உண்டு: ஒரு திருகாணியோ, ஒரு கொக்கியோ, ஒரு பாலமோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனைத் தேட வேண்டும். பொன்னிறத் தொடுமுனைகளை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசையும் உப்பும் நாளடைவில் இணைப்பைக் கெடுக்கும்.

நீர்மத்தால் குளிரூட்டப்படும் கணுக்களில் இவற்றோடு குழாய்களையும் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் தாமே மூடிக்கொள்ளும் இணைப்பிகள் அவற்றில் உள்ளன. ஆயினும் ஓரிரு துளி சிந்துவதற்கு இடமுண்டு. அடியில் உறிஞ்சும் துணி விரிப்பது வழக்கம்.

கழற்றிய பின்

வெளியே வந்த அட்டையை நிலைமின் காப்புப் பையில் இட வேண்டும். அப்பையின் மேல் அட்டையை வைத்துவிட்டுக் காத்துவிட்டதாக எண்ணுவோர் உளர். உள்ளே இருப்பதற்குத்தான் பை கவசம். மேலே இருப்பதற்கு அன்று. பையின்மீது வரிசை எண், எடுத்த நாள், காரணம் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும்.

வழங்கியில் ஏற்பட்ட வெற்றிடத்தை அப்படியே விடுதல் கூடாது. காற்று தடையற்ற வழியையே நாடும். திறந்த இடத்தின் வழியே அது ஓடிவிட்டால் எஞ்சிய செயலிகள் சூடேறும். ஆகவே வெற்றிடத்துக்கு மூடுதகடு போட்டு, காற்றுக்கூண்டைத் திரும்பப் பொருத்தி, மூடியை அடைத்த பின்னரே மின்வடங்களைச் செருக வேண்டும். வழங்கி விழித்ததும் மென்பொருள் எத்தனை செயலிகளைக் காண்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டில் ஒன்றை எடுத்திருந்தால் ஏழு தெரிய வேண்டும். ஆறு தெரிந்தால், ஏதோ ஓர் அட்டை நம் கைபட்டு அசைந்திருக்கிறது. மீண்டும் நிறுத்தி, வடங்களைக் கழற்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏழும் சரியாக இருந்தால் வேலைப் பங்கீட்டு மென்பொருளிடம் கணுவை ஒப்படைக்கலாம்.

பழுது நீக்க இயலாத அட்டையின் வழி வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதனைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். பழைய இரும்பு வாங்குவோர் அதனை எடைக்கு எடுத்துக்கொள்வர் என்பது உண்மை. பொன்னையும் செம்பையும் பிரிப்பதற்காகத் திறந்தவெளியில் அமிலத்தில் இட்டால் அமிலம் மண்ணில் இறங்கும். பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப்புகை எழும். தீங்கு தரும் தொழிற்கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் நிலையம் ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலேயே உள்ளது. மறுசுழற்சியில் எதற்கும் உதவாமல் எஞ்சும் நச்சுப்பொருள், ஆரணியாற்று நீரில் கலவாமல் இத்தகைய நிலையத்துக்குச் சென்று சேர வேண்டும். அட்டையை ஒப்படைத்ததற்கான சான்றைப் பெற்று, அதன் வரிசை எண்ணோடு பதிவேட்டில் சேர்த்தால் அன்றைய வேலை முடிகிறது.